பழையதை எடுக்கும் முறை

தறியில் பாவு ஓடும்போது அடையை மாற்ற நம் ஊரில் எவரும் துணியார். பைத்தான் மொழியில் அப்படியா செய்துவிட்டார்கள்?

மேனிலை வகுப்பில் நாம் பயிலும் அம்மொழியோடு ஒரு நிரல் நூலகமும் சேர்ந்தே வருகிறது. அதில் பழசாகிப்போன 19 பகுதிகளை 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பு நீக்கிவிட்டது. இணையத்தின் தொடக்க நாட்களில் உழைத்த சிஜிஐயும் அவற்றுள் ஒன்று. ஓடுகிற நிரலை ஏன் முடக்க வேண்டும் என்பார் உண்டு. பராமரிக்க ஆளில்லாததை நம்பிக்கையானது என்று கையில் கொடுப்பதே தவறு என்பேன். மேலும், 2022இல் வந்த 3.11 பதிப்பிலேயே எச்சரித்தாயிற்று. இன்னமும் வேண்டுவோர்க்கு சிஜிஐ வெளியே தனிப் பொதியாகக் கிடைக்கிறது.

என் குறை வேறு. அந்த எச்சரிக்கை நாம் நேரே இயக்கும் கோப்பில்தான் தோன்றும். அது அழைக்கும் மற்றக் கோப்புகளில், நாமாகக் கேட்டாலன்றி, வாய் திறவாது. பிறர் எழுதியதை நம்பி வேலை செய்பவளுக்கு எப்படித் தெரியும்? முகப்பிலேயே உரக்கச் சொல்லவேண்டாமா?

1978இல் தமிழக அரசு ணா, றா, னா, லை முதலிய 13 எழுத்துகளின் பழைய வடிவத்தை மாற்றியது. பாடநூலும் செய்தித்தாளும் மாறியதால் அது ஊருக்கெல்லாம் தெரிந்தது. எங்கள் பாட்டி மட்டும் இன்றும் ஜரிகைக் கணக்கில் தும்பிக்கை போட்ட 'லை'தான் எழுதுகிறார். நான் படித்துவிடுவேன். தங்கை, “இது என்ன எழுத்து?” என்று என்னிடம் ஓடி வருகிறாள்.