அக்காக்களின் ரத்தப் பரிசோதனை யார் போட்ட பிச்சை?

அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் ஒப்பந்தத்தில் கூட்டித் துடைக்கும் கொரட்டூர் அக்காக்களிடம் பேசிப் பாருங்கள். தீராத அசதி, கொட்டும் முடி, தாறுமாறான மாதவிடாய். மருத்துவர் தைராய்டு ஹார்மோனுக்கு டி.எஸ்.எச். பரிசோதனை எழுதித் தருகிறார். சீட்டு முந்தானையிலேயே கிடக்கிறது. தனியார் லேபுக்குக் காசில்லை. அரசு மருத்துவமனை வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு.

"முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே?" என்கிறார்கள். அது பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் கைகொடுக்கும். படுக்காமல் இருக்கத்தானே பரிசோதனை!

அதற்கென இருப்பது இ.எஸ்.ஐ. வெளிநோயாளி சிகிச்சை, மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் அதில் அடக்கம். அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறையைக் கவனித்தபோது, 1943-இல் பேராசிரியர் அடார்கர் நியமிக்கப்பட்டார். அவரது 1944 அறிக்கையின் வழியே வந்தது 1948 சட்டம். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் முதன்மை முதலாளியே பணம் கட்ட வேண்டும் என்று அதன் 40-ஆவது பிரிவு எழுதியது.

துடைப்பம் யார் கையில் என்பதைச் சாதி முடிவு செய்கிறது. அந்தக் கைக்கு இ.எஸ்.ஐ. எண் தராமல் இழுத்தடிப்பதும் அதே சாதித் திமிர்தான்.

தோழர்களே, விழிப்புணர்வு முகாம் போதும். நம் தெரு அக்காக்களின் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்ப்போம். எண் இல்லையென்றால் கம்பெனி வாசலில் நின்று கேட்போம். நாம் கேட்பது இரக்கமல்ல, உரிமை.

ஜெய் பீம்!