பால் கணக்கு சொல்லித்தரும் கோடிங் பாடம்! - டெக் திண்ணை

போன ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வழக்கமாக வாசலிலேயே வம்பிழுக்கும் அக்கா, அன்றைக்கு லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு உம்மென்று உட்கார்ந்திருந்தார்.

அக்கா 9 வருடம் ஜாவா புரோகிராமராக இருந்தவர். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டு 3 வருடம் ஆகிறது. பாப்பா இப்போது ப்ரீ-கேஜி போவதால், மறுபடியும் வேலை தேடுகிறார். முதல் இன்டர்வியூ அந்த வெள்ளிக்கிழமைதான் முடிந்திருந்தது.

"ஈஸியான கணக்குதான்டா கொடுத்தாங்க. லூப் போட்டு அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டேன். 'இதையே லூப் இல்லாம, எந்த வேரியபிளையும் மாத்தாம எழுதுங்க'ன்னாங்க. கை அப்படியே நின்னுபோச்சு. நான் இருந்த ப்ராஜெக்ட் பழைய ஜாவா. கிளாஸ், ஆப்ஜெக்ட்னு இத்தனை வருஷம் எழுதினது எல்லாம் வேஸ்ட்டா?"

நான் படித்தது ஜர்னலிசம் டிப்ளமோ. கோடிங்கில் அக்காவுக்குப் பாடம் எடுக்க முடியாது. ஆனால், அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு வாரம் படித்ததையும் அக்காவிடம் கேட்டதையும் வைத்து, இந்த வாரத் திண்ணை.

சிலேட்டும் காலண்டரும்

பெரியம்மா வீட்டு அடுப்படியில் முன்பு ஒரு சிலேட்டு தொங்கும். இந்த மாதம் இதுவரை எத்தனை லிட்டர் பால் வாங்கினோம் என்று அதில் ஒரே ஓர் எண் இருக்கும். பால் வாங்கியதும் பழைய எண்ணை அழித்துவிட்டுப் புது எண்ணை எழுதவேண்டும்.

ஒருநாள் சிலேட்டில் 14. அதைப் பார்த்துக்கொண்டே கடைக்குப் போன பெரியப்பா ஒரு லிட்டர் வாங்கினார். அதற்குள் வீட்டு வாசலில் பெரியம்மாவும் ஒரு லிட்டர் வாங்கி, 15 என்று எழுதிவிட்டார். திரும்பி வந்த பெரியப்பா, மனதில் இருந்த 14-உடன் ஒன்றைக் கூட்டி, அவரும் 15 என்றே எழுதினார். உண்மையில் 16 இருக்கவேண்டும். ஒரு லிட்டர் காணோம். எந்த நாளில் தப்பு நடந்தது என்று சிலேட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

அதன் பிறகு மாதக் காலண்டர் வந்தது. யார் வாங்கினாலும் அந்தத் தேதிக்குக் கீழே தனியாக ஒரு குறிப்பு. எதையும் அழிப்பதில்லை. மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டினால் கணக்கு வந்துவிடும். பெரியம்மா கூட்டினாலும் பால்கார அண்ணன் கூட்டினாலும் ஒரே விடைதான்.

அக்கா 9 வருடம் எழுதியது பெரும்பாலும் சிலேட்டு முறை. இன்டர்வியூவில் கேட்டது காலண்டர் முறை. முதலாவது ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்கில் வழக்கமாக எழுதும் விதம். இரண்டாவது ஃபங்ஷனல் புரோகிராமிங்.

ஏன் இந்த மாற்றம்?

ஆப்ஜெக்ட் முறை ஒன்றும் மட்டமானது இல்லை. 1960-களில் நார்வேயில் உருவான சிமுலா மொழியில் தொடங்கிய யோசனை அது. தகவலையும், அதை வைத்துச் செய்யும் வேலைகளையும் ஒரே டப்பாவில் போட்டு மூடிவைப்பது. 1995-ல் வந்த ஜாவா அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பெரிய சாஃப்ட்வேரைப் பல பேர் பிரித்து எழுத அது ரொம்பவே உதவியது.

சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. 2005-ஐ ஒட்டி, கம்ப்யூட்டர் சிப்பின் வேகத்தை முன்புபோல வருடா வருடம் கூட்டுவது கடினமானது. அதனால், ஒரே சிப்பில் பல கோர்களை வைக்க ஆரம்பித்தார்கள். இன்று உங்கள் கையில் இருக்கும் போனிலேயே 8 கோர் இருக்கலாம். அதாவது, ஒரே சிலேட்டைச் சுற்றி எட்டுப் பேர் சாக்பீஸோடு நிற்கிறார்கள். ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவர்களைப் பூட்டுப் போட்டு நிறுத்தினால் வேகம் போச்சு. பூட்டு போட மறந்தால் கணக்கே போச்சு.

எதையும் அழிக்காத காலண்டர் முறையில் இந்தச் சண்டை பெருமளவு குறைந்துவிடுகிறது.

வாட்ஸ்அப் உள்ளே என்ன ஓடுகிறது?

"இதெல்லாம் காலேஜ் பாடம், நிஜத்தில் உதவுமா?" என்று கேட்பவர்களுக்கு, நீங்கள் தினமும் 'குட் மார்னிங்' அனுப்பும் வாட்ஸ்அப்தான் பதில்.

1986-ல் ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளை மனதில் வைத்து ஜோ ஆம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகியோர் எர்லாங் என்ற மொழியை உருவாக்கத் தொடங்கினார்கள். அதில் ஒரு வேரியபிளுக்கு ஒருமுறை மதிப்பு கொடுத்தால், பிறகு மாற்ற முடியாது. ஒவ்வொரு வேலையும் தனித்தனிக் குட்டி புராசஸ். ஒன்றின் நினைவகத்தில் இன்னொன்று கைவைக்காது. மெசேஜ் மட்டும்தான் அனுப்பிக்கொள்ளும். ஒன்று விழுந்தால் அது மட்டும்தான் விழும், அதை மறுபடி எழுப்பிவிட ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். ஒரு போன் கால் கட் ஆனதற்காக ஊர் முழுக்க லைன் போகக்கூடாது இல்லையா?

2009-ல் தொடங்கிய வாட்ஸ்அப், தன் சர்வர்களுக்கு இந்த எர்லாங்கைத்தான் எடுத்துக்கொண்டது. 2012-ன் தொடக்கத்தில், ஒரே சர்வரில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் தாங்கியதாக அறிவித்தது. 2014-ல் ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது, மாதப் பயனாளர்கள் 45 கோடி. இன்ஜினீயர்கள் வெறும் 32 பேர்! எல்லாப் புகழும் எர்லாங்குக்கே என்று சொல்ல முடியாது. தேவையில்லாத வசதிகளைச் சேர்க்காத பிடிவாதமும் ஒரு காரணம். ஆனால், இத்தனை சிறிய டீம் அவ்வளவு பெரிய கூட்டத்தைச் சமாளித்ததில் அந்த மொழிக்குப் பெரிய பங்கு உண்டு.

அக்கா எப்படி மாறினார்?

அக்கா எர்லாங் கற்கப் போகவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. 2014-ல் வந்த ஜாவா 8-லேயே லேம்டா, ஸ்ட்ரீம் என்று இந்த முறைக்கான கருவிகள் சேர்ந்துவிட்டன. அக்கா தன் பழைய ஸ்டைலில் ஒரு பால் கணக்கு புரோகிராம் எழுதி, அதையே மூன்று படிகளில் மாற்றினார்.

1. முதலில் செட்டர்களை நீக்கினார். ஒருமுறை உருவான குறிப்பை யாரும் திருத்த முடியாது. இதற்காகவே 2021-ல் வந்த ஜாவா 16-ல் 'ரெகார்டு' என்ற வசதி இருக்கிறது.

2. லூப்பை எடுத்துவிட்டு மூன்று வேலைகளாகப் பிரித்தார். இந்த மாதக் குறிப்புகளை மட்டும் சல்லடையில் சலிப்பது ஃபில்டர். ஒவ்வொரு லிட்டரையும் ரூபாயாக மாற்றுவது மேப். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டுவது ரெட்யூஸ்.

3. கணக்கையும் காரியத்தையும் பிரித்தார். பில் தொகை கண்டுபிடிப்பது கணக்கு. பால்கார அண்ணனுக்குப் பணம் அனுப்புவது காரியம். கணக்கு நடுவில், காரியம் ஓரத்தில்.

மூன்றாவதுதான் முக்கியம் என்கிறார் அக்கா. "நிஜ ஆப்புல பணம் போகணும், மெசேஜ் போகணும், ஸ்கிரீன் மாறணும். எதுவுமே மாறாம ஒரு ஆப் இருக்க முடியாதுடா. எது எங்க மாறுதுன்னு நமக்குத் தெரியணும், அவ்வளவுதான். கணக்கு தனியா இருந்தா, நாலு எண்ணைக் கொடுத்து விடை சரியான்னு உடனே பார்த்துடலாம். நிஜப் பணத்தை அனுப்பிப் பார்க்க வேண்டியதில்லை."

கஷ்டமும் இருக்கிறது. லூப்புக்குப் பழகிய கைக்கு முதல் சில நாள் எரிச்சல்தான் வரும். ஸ்ட்ரீமை அளவுக்கு மீறிக் கோத்துவிட்டால், எழுதியவருக்கே அடுத்த வாரம் புரியாது. "ஒரு வரி சேர்க்க முழுக் காலண்டரையும் ஜெராக்ஸ் எடுக்கணுமா?" என்று நான் கேட்டேன். ஃபங்ஷனல் மொழிகள் பழைய பகுதிகளை அப்படியே பகிர்ந்துகொண்டு, மாறியதை மட்டும் புதிதாக உருவாக்கும் என்றார். ஆனாலும், ஒவ்வொரு மில்லி செகண்டும் முக்கியமான சில இடங்களில் சிலேட்டே மேல் என்பதையும் ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் அந்த 9 வருடம்? வேஸ்ட் இல்லை. ஒரு பெரிய வேலையை எந்தெந்த டப்பாவாகப் பிரிக்கவேண்டும் என்பது அக்காவுக்கு அத்துப்படி. அது ஆப்ஜெக்ட் முறை கொடுத்த பயிற்சி. டப்பாக்கள் அப்படியே இருக்கின்றன, உள்ளே இருந்த சிலேட்டுக்குப் பதில் காலண்டர் வந்திருக்கிறது.

புதன்கிழமை அக்காவுக்கு இரண்டாவது இன்டர்வியூ, வேறொரு நிறுவனத்தில். "செட்டரே இல்லாம ஏன் எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார்களாம். அக்கா பால் கணக்கைச் சொல்லியிருக்கிறார். கேட்டவர் சிரித்துவிட்டு, "எங்க வீட்டுலயும் சிலேட்டுதான்" என்றாராம்.

ரிசல்ட் இன்னும் வரவில்லை. ஆனால், நேற்று போன் செய்தபோது அக்கா என்னை வாசலில் நிறுத்தி வம்பிழுக்கும் அதே பழைய குரலில் பேசினார். உங்கள் வீட்டிலும் இடைவெளிக்குப் பிறகு வேலை தேடும் ஓர் அக்காவோ அண்ணியோ இருந்தால், இந்தக் கட்டுரையை அவருக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலேயே அனுப்பலாம்!

அடுத்த வாரம் திண்ணையில் சந்திப்போம்!