அந்த மூன்றைச் சொல்வதா, விடுவதா?

அமெரிக்காவில் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஜூலை மாதம் பதற்றமாகவே கழியும். மே மாதம் எழுதிய அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் தேர்வுகளின் முடிவை காலேஜ் போர்டு வெளியிடும் மாதம் அது. பள்ளியில் இருந்தபடியே கல்லூரிப் பாடத்தைப் படித்து எழுதும் இந்த ஏ.பி. தேர்வுக்கு மதிப்பெண் 1 முதல் 5 வரை. 5 வந்தால் பேச்சே இல்லை. 3 வந்தால்தான் விவாதம்: விண்ணப்பத்தில் இதைப் போடுவதா, விடுவதா?

நியூஜெர்சியில் இருக்கும் என் அண்ணன் மகளுக்கு உயிரியலில் 5, அமெரிக்க வரலாற்றில் 4, வேதியியலில் 3. “மூணைப் போட்டா மத்த ரெண்டுக்கும் மதிப்பு போயிடும்” என்றார் அண்ணன். “நான் படிச்சு எழுதினதுதானே அத்தை, ஏன் ஒளிக்கணும்?” என்றாள் அவள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

போடாமல் விடுவது பொய்யாகாது. பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பம், நாம் தெரிவிக்க விரும்பும் தேர்வுகளைத்தான் கேட்கிறது. பாடம், தேதி, மதிப்பெண் எல்லாவற்றையும் மாணவரே நிரப்புகிறார். காலேஜ் போர்டின் அதிகாரபூர்வ அறிக்கை பெரும்பாலும் இடம் கிடைத்துச் சேரும்போதுதான் தேவைப்படும்.

ஆனால், விதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும். யேல் பல்கலைக்கழகம் 2024-இல் தேர்வு மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்கியபோது, எஸ்.ஏ.டி. என்னும் பொதுத் தேர்வுக்குப் பதிலாக ஏ.பி. மதிப்பெண்ணையும் காட்டலாம் என்றது. அப்படிக் காட்டுபவர் அதுவரை எழுதிய எல்லா ஏ.பி. மதிப்பெண்களையும் காட்ட வேண்டும். 5-ஐயும் 4-ஐயும் மட்டும் பொறுக்கிக் கொடுக்க முடியாது. கலிபோர்னியா பல்கலைக்கழகமோ எஸ்.ஏ.டி.யைச் சேர்க்கைக்குப் பார்ப்பதே இல்லை, ஏ.பி.யில் 3 வாங்கினாலே பட்டப்படிப்புக் கணக்கில் கிரெடிட் சேர்க்கிறது.

ஆகவே பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் முதலில் படித்துவிட வேண்டும். விருப்பம்போலச் செய்யலாம் என்றிருந்தால், 4-ஐயும் 5-ஐயும் தயங்காமல் போடலாம். படிக்க விரும்பும் துறைக்கு அடித்தளமான பாடத்தில் 3 என்றால், போட்டி கடுமையான கல்லூரிக்கு விட்டுவிடலாம். 3-க்கே கிரெடிட் தரும் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு அதைத் தாராளமாகச் சொல்லலாம். விட்ட மதிப்பெண் வீணாகாது. சேர்ந்த பிறகு அனுப்பிக் கிரெடிட் கேட்கலாம். அதனால்தான் மதிப்பெண்ணை ரத்துசெய்யும் வசதியை அவசரத்தில் தொட வேண்டாம் என்கிறேன். ரத்தானது திரும்ப வராது. 12ஆம் வகுப்பு மே மாதத்தில் எழுதும் தேர்வின் முடிவோ, சேர்க்கை முடிவான பிறகுதான் வரும். அதற்காக இப்போதே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அண்ணன் மகள் உயிரியல் படிக்க விரும்புகிறவள். வேதியியல் அதற்கு வேண்டிய பாடம். விதிகளை வரிசையாக எழுதிவைத்துக்கொண்டு, இரண்டு கல்லூரிகளுக்கு அந்த 3-ஐ விட்டாள், மற்றவற்றுக்குப் போட்டாள். அண்ணனுக்கு முழுத் திருப்தியில்லை, ஆனாலும் தடுக்கவில்லை.

அதுதான் சரி. காலேஜ் போர்டின் அளவுகோலிலேயே 3 என்பது கல்லூரிப் பாடத்துக்குத் தகுதி பெற்ற மதிப்பெண். அதை வீட்டில் தோல்விபோலப் பேசினால், அடுத்த முறை கடினமான பாடத்தை எடுக்கவே பிள்ளை அஞ்சும். ஒரு கல்லூரியில் இடம் கிடைக்காமல் போவதைவிடவும் அது பெரிய இழப்பு. விதியைத் தேடிக் கொடுப்பது பெற்றோர் வேலை. போடுவதும் விடுவதும் தேர்வெழுதியவரின் உரிமை.