பின் பாரைப் பூட்டமுன் டயரைப் பாருங்கள்



பள்ளிவாசல்துறையில் இப்போது ஒரு புதுப் பேச்சு. தொண்ணூறுகளின் ஹொண்டா சிவிக்குக்குப் பின்பக்கம் தடித்த ஸ்வே பார் பூட்டினால் கார் "ரோட்டோட ஒட்டிக்கொண்டு" போகுமாம். எங்களிடம் படித்த பிள்ளைகளே சொல்கிறார்கள். படிப்பித்தவர்கள் என்ற உரிமையில் சொல்கிறோம்: அது தப்பு.

பழைய காரில் ஆசை வைப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அதுவரை பழசைத் திருத்தித் திருத்தி ஓடியவர்கள் நாங்களும்தான். "பொடியன்மார் கெட்டுப் போய்ட்டானுகள்" என்று டீக்கடையில் ஏசுவதிலும் பிரயோசனமில்லை. ஏசுபவர்கள் காரின் அடியைக் குனிந்து பார்ப்பதில்லையே. நாங்கள் பார்ப்போம்.

ஸ்வே பார் என்பது இடது, வலது சில்லுகளை இணைக்கும் ஒரு முறுக்குக் கம்பி. வளைவில் கார் சரியும்போது முறுகி நின்று சரிவைக் குறைக்கும். பிடிப்பு மட்டும் டயரில்தான் இருக்கிறது. பின் பாரைத் தடிப்பாக்கினால் பின்பக்க வெளிச் சில்லில் பாரம் கூடும், உள் சில்லு லேசாகும், பின் டயர்களின் மொத்தப் பிடிப்பு குறையும். முன் சில்லு இழுக்கும் சிவிக்கின் மூக்கு சட்டென்று திரும்புவது அதனால்தான். வாலின் பிடிப்பைக் கொடுத்து வாங்கிய திருப்பம் அது.

20 மில்லிமீற்றருக்குப் பதில் 22 போட்டால் "ரெண்டு மில்லிதானே சேர்" என்கிறார்கள். கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். கணக்குப் போடுங்கள்: 46 சதவீதம் கூடுகிறது.

காய்ந்த பந்தயத் தடத்தில், நல்ல டயரில், அது நன்மைதான். நாங்கள் ஓடுவது பாலாவி–கற்பிட்டி வீதி. ஓரமெல்லாம் மணல். கழுதை குறுக்கே வந்தால் வெட்டத்தான் வேண்டும். பதறி எக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் பாரம் முன்னுக்குப் போய், பின்பக்கம் இன்னும் லேசாகி, வால் வீசும். போன மாரியில் பாடசாலை விடும் நேரம் அப்படித்தான் ஒரு கார் சுழன்று வேலியில் போய் நின்றது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைகள் மறுபக்கம் நின்றார்கள்.

2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவையில் பந்தயத் தடத்தை விட்டு விலகிய காரால் 7 பேர் உயிரிழந்தார்கள். பந்தயத்துக்கென்றே உள்ள இடத்தில் அந்தக் கதி என்றால், பாடசாலை வாசலில்?

இன்னொன்று. சிவிக்கில் தடித்த பாரின் இழுப்புக்குத் தாங்காமல், அது பூட்டியிருக்கும் தகடு கிழிந்ததுண்டு. அதற்கென்றே வலுவூட்டும் பிளேட் விற்கிறார்கள். உப்புக் காற்றில் முப்பது வருடம் கறள் பிடித்த எங்கள் கார்களின் தகடு எம்மாத்திரம்?

தம்பிமாரே, முதலில் நாலு நல்ல டயர். தேய்ந்ததைப் பின்னுக்குப் போடும் பழக்கத்தை விடுங்கள். பிறகு புஷ், ஷொக், கறள். இவ்வளவும் சரியென்றால் கம்பனி போட்ட பாரே இந்த ரோட்டுக்குப் போதும்.

கராஜ்காரக் காக்காமாரே, காசை வாங்கமுன் பின் டயரைத் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் "பூட்ட மாட்டேன்" என்று திருப்பி அனுப்புங்கள். அந்த ரோட்டால் நடந்து வருவது உங்கள் பிள்ளையும்தான்.