அழித்த படங்கள் எங்கே போகின்றன?



பெருநாள் தொழுகை முடிந்து வீடு திரும்பியதும் பிள்ளைகளை வாசலில் நிறுத்திப் படம் எடுப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. படம் எடுப்பது கூடுமா, கூடாதா என்னும் விவாதத்திற்குள் நாம் இங்கே செல்லவில்லை. எடுத்தபின் நம்மீது விழும் பொறுப்பைப் பற்றியே பேச விழைகிறோம்.

பிலிம் சுருள் இருந்த காலத்தில் 36 படங்களை எண்ணி எண்ணி எடுத்தோம். சட்டைப்பையில் அடங்கும் டிஜிட்டல் கேமரா வந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டோம். அதிலும் குறைகள் உண்டு. பொத்தானை அழுத்திப் படம் பதிவாவதற்குள் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மதரஸா ஆண்டு விழாவில் பின்வரிசை மாணவர்கள் இருளில் மறைந்துபோவார்கள்; அதன் சிறு ஃபிளாஷ் சில மீட்டருக்கு அப்பால் எட்டாது. இவை பழகிப்போகும் குறைகள். பெரிய பாடத்தை நமக்குக் கற்பித்தது அதனுள் இருந்த மெமரி கார்டு.

நம் வாப்பா வஃபாத்தாவதற்கு முந்திய பெருநாளில், திண்ணையில் பேரப்பிள்ளைகளுடன் அவர்கள் அமர்ந்திருந்த படம் ஒன்று அதில் இருந்தது. வேறெங்கும் அதற்குப் பிரதி இல்லை. ஒருநாள் நம் இளைய மகன் கேமராவை வைத்து விளையாடுகையில் எல்லாப் படங்களையும் அழித்துவிட்டான். கடைத்தெருவில் கணினி பழுதுபார்க்கும் சகோதரரிடம் ஓடினோம். "இதில் புதிதாகப் படம் எதுவும் எடுத்தீர்களா?" என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. இல்லை என்றோம். ஒரு மணி நேரத்தில் வாப்பாவின் முகம் திரையில் தோன்றியது. அல்ஹம்துலில்லாஹ்! கண்கள் நிறைந்தன.

ஆனால் படங்கள் அதோடு நிற்கவில்லை. சகோதரி மகளின் நிகாஹ் அன்று பெண்கள் பகுதியில் எடுத்து, வீட்டுக் கணினிக்கு மாற்றியபின் நாமே என்றோ அழித்துவிட்ட படங்களும் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. கடையில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அந்தச் சகோதரர் நல்லவர். நாம் சொல்லுமுன்பே திரையைத் திருப்பிவிட்டார். எல்லாக் கடைகளிலும் அப்படி ஒருவர் இருப்பார் என்பதற்கு என்ன உறுதி?

காரணத்தை அவரே விளக்கினார். படத்தை அழிக்கும்போது கேமரா பட்டியலில் உள்ள குறிப்பை மட்டுமே நீக்குகிறது. அந்த இடத்தில் வேறு படம் எழுதப்படும்வரை பழைய படம் அங்கேயே கிடக்கும். பெரும்பாலான கேமராக்களில் 'ஃபார்மட்' செய்தாலும் இதே கதைதான். வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டோம். பிள்ளையோ இன்னும் பாயில் அமர்ந்திருக்கிறான்.

"நம் வீட்டுப் படங்களை யார் தேடப்போகிறார்கள்?" எனச் சிலர் கேட்கக்கூடும். யாரும் தேடாமல் இருக்கலாம். ஆனால் அந்தப் படங்களில் இருப்பவர்கள் நம்மை நம்பி நின்றவர்கள். பிறர் வீட்டினுள் அனுமதியும் ஸலாமும் இன்றி நுழையக் கூடாது என்று அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. வாசலுக்கே இவ்வளவு பேணுதல் என்றால், வீட்டின் உள்ளறையையே சுமந்து திரியும் கார்டுக்கு எவ்வளவு பேணுதல் வேண்டும்!

ஆகவே, கேமராவைப் பழுதுபார்க்கக் கொடுக்குமுன் கார்டைக் கழற்றிக்கொள்வோம். சில கேமராக்களுக்குள்ளேயும் சிறிது சேமிப்பிடம் உண்டு, அதையும் பார்த்துவிடுவோம். பழைய கேமராவை விற்றாலும் கார்டை விற்க வேண்டாம், தேவையில்லையெனில் உடைத்துவிடுவோம். பேண வேண்டிய படங்களை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைப்போம். பிறர் வீட்டு விசேஷங்களில் அவர்களுடைய சம்மதம் பெற்றே கேமராவை எடுப்போம்.

வாப்பாவின் படத்தை நமக்குத் திருப்பித் தந்த அதே கார்டு, நம் வீட்டுப் பெண்களின் படங்களை அந்நியர் கையிலும் கொடுக்கும். அது ஓர் அமானிதம். அதைப் பேணும் நல்லருளை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.