பாலமலைக்கும் ஒரு ஹெலிகாப்டர்

மேச்சேரியில் நெஞ்சுவலி என்றால் 108 வந்துவிடும். மேட்டூருக்கோ சேலத்துக்கோ கொண்டுபோய்ச் சேர்க்கும். கொளத்தூர்ப் பக்கம் பாலமலையில் கதையே வேறு. மூங்கில் கழியில் போர்வையைத் தூளியாகக் கட்டி, நோயாளியை ஆள்மாற்றி ஆள் சுமந்து இறக்கிய மலை அது. இப்படி எளிதில் எட்டாத இடங்களுக்கு ஆஸ்திரேலியாவில் 1928லேயே மருத்துவர் விமானத்தில் போனார். ரிஷிகேஷ் எய்ம்ஸ் 2024 அக்டோபரில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸைத் தொடங்கியது. 2025 மே மாதம் கேதார்நாத்தில் அது விபத்துக்குள்ளானது உண்மைதான். உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். அதற்காகச் சேவையே வேண்டாம் என்பது அநியாயம். நமக்குக் காமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது. பாலமலைக்கும், 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போக வேண்டிய கொல்லிமலைக்கும் சேர்த்து அரசு ஒரு ஹெலிகாப்டரை அந்த விமான நிலையத்தில் நிறுத்தட்டும். மாதம் முழுக்க அழைப்பே வராவிட்டாலும் விமானிக்குச் சம்பளமும் பராமரிப்புச் செலவும் கொடுத்தே ஆக வேண்டும்தான்; அதற்காகவும் சேவையை மறுக்கக் கூடாது.