நத்தைக்குப் பட்டா உண்டா?

'உங்க ஊர் சாப்பாடு என்னங்க?' என்று காஞ்சிபுரத்துக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். 'கோயில் இட்லி' என்று பதில் வரும். மிளகும் சுக்கும் மணக்கும் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி. சந்தோஷம். ஆனால் இந்த வட்டாரத்துக்கு இன்னொரு சாப்பாடும் உண்டு. அதைச் சொல்லத்தான் எல்லோருக்கும் கூச்சம். நத்தை வறுவல்!

கோடை முழுக்கச் சேற்றுக்குள் மூடியைச் சாத்திக்கொண்டு தூங்கும் நத்தை, மழை பெய்து ஏரியும் வயலும் நிறைந்ததும் வெளியே வரும். அதைப் பொறுக்கி, வேகவைத்து, ஊசியால் சதையை நெம்பி எடுத்து, குடலைக் கிள்ளிப் போட்டு, உப்பும் மஞ்சளும் போட்டு வழவழப்புப் போகத் தேய்த்துக் கழுவ வேண்டும். சின்ன வெங்காயம், மிளகு சேர்த்து வறுத்தால் தள்ளுவண்டிக்குத் தயார். ஆட்டுக்கறி விலை எட்டாதவர்களுக்கு இதுதான் கறி.

'கோயில் ஊர்ல இதெல்லாமா?' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ராத்திரியில் அதே ஆள், 'மூலத்துக்கு நல்லதாமே' என்று பொட்டலம் கட்டிப் போவதும் உண்டு. மூலம் குணமாகும் என்பதற்கு நான் ஜாமீன் தர மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரு பட்டுச் சேலைக்கு ஆயிரக்கணக்கான புழுக்கள் கூட்டோடு வேகின்றன. அந்தச் சேலைக்கு 2005-ல் புவிசார் குறியீடு வாங்கிப் பெருமைப்படுகிறோம். புழு வெந்தால் கௌரவம், நத்தை வெந்தால் கேவலமா? வங்காளத்தில் 'குக்லி' என்று சமைக்கிறார்கள். ஹனோயில் நத்தை போட்ட நூடுல்ஸ் சூப்புக்காகவே கடைகள் இருக்கின்றன. நமக்கு மட்டும்தான் வெட்கம்.

அடுத்த வாதம், சுத்தம். இதில் நியாயம் இருக்கிறது. அரைவேக்காட்டு நத்தையால் புழுத் தொற்று வரலாம். தண்ணீரில் உள்ள விஷம் நத்தையின் உடம்பிலும் சேரும். சரி, அந்த விஷத்தைத் தண்ணீரில் கலந்தது யார்? தள்ளுவண்டிக்காரம்மாவா?

பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலப்பது பற்றி உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொன்னது. 28 வருஷம் கழித்து, 2025 ஜனவரியில், அதே பாலாறு, அதே தோல் கழிவு, அதே உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. ஆனால் தள்ளுவண்டியை மூட 28 நிமிஷம் போதும். 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் தட்டில் இருப்பதைச் சோதிக்கும். ஏரியில் இருப்பதைச் சோதிக்க அது கரையேறி வராது.

2019-ல் மாவட்டத்தைப் பிரித்தபோது மாமல்லபுரம், கோவளம் என்று கடற்கரை முழுவதும் செங்கல்பட்டுக்குப் போய்விட்டது. காஞ்சிக்கு மிச்சம் ஏரிகள்தான். அதிலும் பரந்தூரில் விமான நிலையம் என்று 2022-ல் அறிவித்தார்கள். 13 கிராமங்கள், ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். அதில் ஏறக்குறைய கால் பங்கு நீர்நிலைகள். ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டுப் போராடினார்கள்.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. நிலத்துக்குப் பட்டா உண்டு, விலை உண்டு. ஏரி புறம்போக்கு. அதில் நத்தை பொறுக்குகிறவரிடம் காட்ட என்ன காகிதம் இருக்கிறது? 2013-ம் வருஷத்து மத்திய நிலம் எடுப்புச் சட்டம், நீர்நிலைகளை நம்பிப் பிழைப்பவர்களையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்றுதான் சொல்கிறது. நல்ல வரி. ஆனால் ஒரு கொக்கி: அது மூன்று வருஷமாக அவர்களின் முதன்மைப் பிழைப்பாக இருக்க வேண்டும். நத்தை யாருக்கு ஐயா முதன்மைப் பிழைப்பு? நடவு வேலை இல்லாத நாளில் பொறுக்குவது, தறி ஓடாத வாரத்தில் குழம்பு வைப்பது. பல துண்டு வருமானங்களை ஒட்டுப்போட்டுத்தான் ஏழை வீட்டில் அடுப்பு எரிகிறது. எந்தத் துண்டும் முதன்மை இல்லை என்பதால் எல்லாத் துண்டுக்கும் நஷ்டஈடு பூஜ்யம். எந்த ஆடிட்டர் இந்தக் கணக்கில் கையெழுத்துப் போடுவார்?

ஆகவே அதிகாரிகளுக்கு இரண்டே கோரிக்கை. தள்ளுவண்டியைச் சோதிக்கும் முன் அந்த நத்தை வந்த ஏரித் தண்ணீரைச் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள். எந்தத் திட்டத்துக்காகவும் ஒரு ஏரியைத் தொடும் முன், அதில் வருஷத்துக்குப் பத்து நாள் இறங்குகிறவரையும் கணக்கில் எழுதுங்கள்.

முகம் சுளிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.